அட்டையில் இல்லாத பெண்கள்

1

சென்ற ஆண்டு என் முதுகலை வகுப்புக்கு ஒரு மாணவி கறுப்பு டி-ஷர்ட் அணிந்து வந்தாள். மார்பின் குறுக்கே வெள்ளைக் கோடுகள், மலைத்தொடர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியதுபோல. "இது என்னன்னு தெரியுமா?" என்று கேட்டேன். "டிசைன்தான் மேம். தி.நகர் பிளாட்பாரத்துல வாங்கினேன்" என்றாள். பின்வரிசையிலிருந்து இன்னொருத்தி, "அது ஒரு பேண்டோட ஆல்பம் அட்டை மேம். அந்தப் பாடகர் சின்ன வயசுலயே தற்கொலை பண்ணிக்கிட்டார்" என்றாள்.

இரண்டு பதில்களிலும் தவறில்லை. ஆனால் அந்தக் கோடுகளுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார் என்பது இரண்டிலும் இல்லை. அந்த இசைத்தட்டை இருபது வருடங்களுக்கும் மேலாக நேசித்துவரும் எனக்கே அது வெகுகாலம் தெரியாமல் இருந்தது. தெரிந்த பிறகு வேறு பெண்களும் தெரியத் தொடங்கினார்கள். இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்களைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் ஏன் அந்த இசைத்தட்டைக் கேட்கிறேன் என்பதைப் பற்றியதும்தான்.

'அன்நோன் பிளெஷர்ஸ்', ஜாய் டிவிஷன் என்ற ஆங்கிலேயக் குழுவின் முதல் இசைத்தட்டு. மான்செஸ்டரின் ஃபாக்டரி ரெக்கார்ட்ஸ் 1979 ஜூனில் வெளியிட்டது. பத்துப் பாடல்கள், நாற்பது நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவு. பங்க் இசையின் கூச்சல் ஓய்ந்த இடத்தில் எழுந்த, இருளும் இடைவெளியும் மிகுந்த இசையைப் போஸ்ட்-பங்க் என்கிறார்கள். அதைப் பற்றி எழுதுகிற எவரும் இந்த இசைத்தட்டைத் தாண்டிப்போக முடியாது. பாடல்களை எழுதிப் பாடிய இயன் கர்டிஸ் 1980 மே 18 அன்று, குழு முதன்முதலாக அமெரிக்கா கிளம்புவதற்கு முந்தைய நாள், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 23. அன்றிலிருந்து இந்தப் பத்துப் பாடல்களையும் ஒரு மரணத்தின் முன்னறிவிப்பாகவே ரசிகர்கள் கேட்டுவருகிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன்.

2

2001. சென்னையில் ஒரு பெண்கள் விடுதி. வகுப்பு நண்பன் ஒருவன் பதிவுசெய்து கொடுத்த குறுந்தகடு. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். அதன்பிறகு போர்வைக்குள் காதணிக் கருவியை மாட்டிக்கொண்டு கேட்பேன். அறையில் இன்னும் மூன்று பேர். அந்த ஆண்டு என் வீட்டில் நடந்தவற்றை நான் எவரிடமும் சொல்லியிருக்கவில்லை. அழுதால், "ஹோம்சிக்" என்பார்கள், "பீரியட்ஸா?" என்பார்கள். பெண்ணின் அழுகைக்குக் காரணங்கள் முன்கூட்டியே தயாராக இருக்கின்றன. அதனால் அவளிடம் எவரும் காரணம் கேட்பதில்லை.

இயன் கர்டிஸின் குரலை அப்போதுதான் கேட்டேன். தணிந்த, கனத்த குரல். கெஞ்சாது, உருகாது. காலி மண்டபத்தின் மறுமுனையில் நின்று ஒருவர் அறிக்கை வாசிப்பதுபோல் இருக்கும். என் துயரத்துக்கு ஒரு கௌரவம் கிடைத்ததுபோல் உணர்ந்தேன். அந்த உணர்வை இப்போது இப்படிப் புரிந்துகொள்கிறேன்: என் குரலில் சொன்னால் சிணுங்கலாகக் கேட்கும் ஒன்று, ஓர் ஆணின் குரலில் வந்தபோது தத்துவமாகக் கேட்டது. என் துயரத்தைப் பொருட்படுத்தத் தக்கதாக ஆக்க நான் ஓர் ஆணின் தொண்டையை இரவல் வாங்கியிருக்கிறேன். பெண் ரசிகைகள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

அந்தக் குரலைச் சுற்றியிருக்கும் ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1979 ஏப்ரலில், மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட்டில் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் இதைப் பதிவுசெய்தவர் மார்ட்டின் ஹானெட். ஸ்டீபன் மோரிஸின் டிரம்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வாசிக்கவைத்துப் பதிவுசெய்தார். ஒரு டிரம்மின் ஒலி இன்னொன்றோடு கலக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம். பீட்டர் ஹுக் பேஸ் கிட்டாரை அதன் உயர்ந்த சுரங்களில் வாசிப்பவர். வழக்கமாக அடியில் கிடக்கும் அந்த வாத்தியம் இங்கே ராகத்தைத் தூக்கிச் செல்கிறது. பெர்னார்ட் சம்னரின் கிட்டார் தேவைப்படும்போது மட்டும் கீறிவிட்டுப் போகிறது. நடுவில் விடப்பட்ட வெற்றிடத்தில் ஸ்டூடியோவின் பழைய லிஃப்டின் ஒலியும் கண்ணாடி உடையும் ஒலியும் ஏரோசால் ஸ்பிரேயின் சீறலும் வருகின்றன. மேடையில் தாங்கள் வாசித்த வேகத்தையும் ஆவேசத்தையும் ஹானெட் குளிர வைத்துவிட்டார் என்று ஹுக்கும் சம்னரும் வெகுகாலம் குறைப்பட்டார்கள்.

ரசிகர்களை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டிப்போட்டிருப்பது அந்தக் குளிர்ச்சிதான். துயரம் இங்கே கொட்டப்படவில்லை. இடைவெளி விட்டு, தள்ளி நின்று, ஒழுங்குபடுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடைவெளியில் கேட்பவர் தன்னுடையதை வைத்துக்கொள்ளலாம். நானும் வைத்தேன். அது எனக்குக் கொடுத்த ஆறுதல் பொய்யில்லை. இந்தக் கட்டுரையில் எங்குமே அதை மறுக்கப்போவதில்லை.

3

அந்த வெள்ளைக் கோடுகள் ஒரு விண்மீனின் துடிப்புகள்.

1967இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வுசெய்துகொண்டிருந்தவர் ஜோசலின் பெல். வட அயர்லாந்துப் பெண், வயது 24. ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கியைக் கட்டுவதில் இரண்டு ஆண்டுகள் உழைத்தார். அது இயங்கத் தொடங்கிய பிறகு நாளொன்றுக்குச் சுமார் 30 மீட்டர் நீளத்துக்குக் காகிதச் சுருளில் கோடுகள் வந்து விழும். அவற்றைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது அவர் வேலை. அதில் எந்த வகையிலும் சேராத ஒரு சிறு கிறுக்கலை அவர் கவனித்தார். ஏதோ இடையூறு என்று ஒதுக்கிவிட எல்லாக் காரணங்களும் இருந்தன. அவர் ஒதுக்கவில்லை. 1.3 நொடிக்கு ஒருமுறை தவறாமல் துடிக்கும் அது, மனிதர்கள் கண்டுபிடித்த முதல் பல்சார் என்பது பின்னர் உறுதியாயிற்று. செய்தி வெளியானபோது நிருபர்கள் அறிவியல் கேள்விகளை அவருடைய ஆய்வு வழிகாட்டியிடம் கேட்டார்கள். பெல்லிடம் காதலர் உண்டா என்றும் உடல் அளவுகள் என்ன என்றும் கேட்டார்கள். 1974இல் இயற்பியல் நோபல் பரிசு வழிகாட்டியான ஆன்டனி ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போயிற்று.

அதே விண்மீனை அரிசிபோ தொலைநோக்கியில் அளந்து, துடிப்புகளை அடுக்கி வரைந்த படம் ஹெரால்ட் கிராஃப்ட் என்பவரின் 1970ஆம் ஆண்டு ஆய்வேட்டில் இருந்தது. அங்கிருந்து ஒரு வானியல் கலைக்களஞ்சியத்துக்கு வந்தது. குழுவினர் அதில் அதைப் பார்த்து வடிவமைப்பாளர் பீட்டர் சாவிலிடம் கொடுத்தார்கள். வெள்ளைத் தாளில் கறுப்பாக இருந்ததை அவர் கறுப்பில் வெள்ளையாக மாற்றினார். முன்னட்டையில் குழுவின் பெயர் இல்லை, இசைத்தட்டின் பெயர் இல்லை, முகம் இல்லை. அந்தப் பெயரின்மையைப் பற்றி விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். வணிகத்துக்கு எதிரான துறவு என்றும் மர்மம் என்றும் வியந்திருக்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் பெயரைச் சொல்லாமல் விடுவது ஒரு துணிச்சலாக இருக்க வேண்டுமென்றால், முதலில் பெயர் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஜாய் டிவிஷன் தன் பெயரைத் தானே மறைத்துக்கொண்டது. ஜோசலின் பெல்லின் பெயர் மறைந்தது அவர் எடுத்த முடிவல்ல.

நோபல் கிடைக்காதது பற்றித் தனக்கு வருத்தமில்லை என்றே அவர் சொல்லிவந்திருக்கிறார். அவருக்கு இல்லாத புகாரை அவர் சார்பாக நான் எழுதவில்லை. 2018இல் அவருக்கு முப்பது லட்சம் டாலர் மதிப்புள்ள பரிசு ஒன்று கிடைத்தது. முழுத்தொகையையும் இயற்பியல் ஆராய்ச்சிக்கு வரும் பெண்கள், சிறுபான்மை இனத்தவர், அகதிகள் ஆகியோரின் உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டார். டி-ஷர்ட் அணிகிறவர்கள் இந்தக் கதையையும் சேர்த்து அணியலாமே என்பதுதான் என் ஆசை.

அடுத்தது குழுவின் பெயர். இது அவ்வளவு எளிதில் பேசக்கூடியதல்ல. முதலில் அவர்கள் 'வார்சா' என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, கா-செட்னிக் என்ற புனைபெயரில் யூத எழுத்தாளர் ஒருவர் எழுதிய 'ஹவுஸ் ஆஃப் டால்ஸ்' நாவலிலிருந்து 'ஜாய் டிவிஷன்' என்ற பெயரை எடுத்தார்கள். நாஜி வதைமுகாமில் பாலியல் அடிமைகளாக வைக்கப்பட்ட பெண்களின் பிரிவுக்கு நாவலில் வரும் பெயர் அது. இன்பப் பிரிவு. நாவலின் சித்திரிப்பு எவ்வளவு வரலாற்றுக்கு உண்மையானது என்பதில் ஆய்வாளர்களுக்குக் கேள்விகள் உண்டு. ஆனால் முகாம்களில் அத்தகைய விடுதிகள் இருந்தது உண்மை. 1942 முதல் பத்து வதைமுகாம்களில் அவற்றை நாஜிகள் நடத்தினார்கள். பெரும்பாலும் ராவன்ஸ்ப்ரூக் பெண்கள் முகாமிலிருந்து கைதிகளைக் கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகு அந்தப் பெண்கள் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை. பிற கைதிகளின் நினைவேடுகளிலும் அவர்களுக்கு மரியாதையான இடம் இல்லை.

இருபது வயதுச் சில இளைஞர்கள் அதிர்ச்சி தருவதற்காக ஒரு பெயரை எடுத்தார்கள் என்று இதைக் கடந்துவிடலாம். பங்க் காலத்தில் அது வழக்கமாகவும் இருந்தது. நான் அவர்களைப் பாசிஸ்டுகள் என்று சொல்லவரவில்லை. ஆனால் 'ஜாய் டிவிஷன்' என்று இன்று எவரிடம் சொன்னாலும் மழைக்கோட்டு அணிந்த நான்கு ஆண்களின் கறுப்புவெள்ளைப் படம்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு பெயர் தான் குறித்த பெண்களை முற்றாகத் துடைத்துவிட்டு, ஆண்களின் துயரத்துக்குப் பெயராகிவிட்டது. நான் அந்தப் பெயரை விடுதிச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன். பொருள் தெரிந்த நாளில் அந்தத் தாளைக் கிழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. திருப்பி ஒட்டிவைத்தேன்.

4

இரண்டாம் பக்கத்தின் முதல் பாடல் 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்'.

இயன் கர்டிஸ் இசையால் மட்டும் பிழைத்தவரல்ல. மாக்கிள்ஸ்ஃபீல்ட் வேலைவாய்ப்பு அலுவலகத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை தேடித்தரும் பிரிவில் பணியாற்றினார். அங்கே வலிப்பு நோயுள்ள ஒரு பெண் வேலை கேட்டு வருவார். ஒருகட்டத்தில் வருவது நின்றது. வேறு வேலை கிடைத்துவிட்டது போலும் என்று நினைத்துக்கொண்டார் கர்டிஸ். பிறகுதான் வலிப்பில் அவர் இறந்துபோனது தெரியவந்தது. பாடல் அந்தப் பெண்ணைப் பற்றியது.

1978 டிசம்பர் இறுதியில், லண்டன் நிகழ்ச்சி ஒன்றை முடித்துத் திரும்பும் வழியில் கர்டிஸுக்கே வலிப்பு வந்தது. அடுத்த மாதம் நோய் உறுதியானது. மேடையில் அவர் கைகளை வெட்டிவெட்டி ஆடும் ஆட்டம் எங்கே முடிந்து வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்வையாளர்களுக்குத் தெரியாத இரவுகள் உண்டு. அவர் இறந்த பிறகு இந்தப் பாடல் முழுமையாக அவருடைய கதையாகிவிட்டது. ரசிகர்களும் விமர்சகர்களும் இதைப் பற்றிப் பேசும்போது கவனியுங்கள்: கர்டிஸின் நோய், கர்டிஸின் உடல், கர்டிஸின் அச்சம். தமிழில் இந்தத் தலைப்பைச் சொல்ல நேர்ந்தால் 'கட்டுப்பாட்டை இழந்துவிட்டாள்' என்றுதான் சொல்ல முடியும். நம் மொழியில் வினைமுற்றே பாலைக் காட்டிக்கொடுத்துவிடும், ஒளிக்க முடியாது. அப்படியும் உலகம் அதை 'இழந்துவிட்டான்' என்றே கேட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் என் சித்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் கடைசித் தங்கை. பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லமாட்டார்கள். "அது வந்துருச்சு" என்பார்கள். யாராவது ஓடிப்போய் இரும்புச் சாவியைக் கையில் திணிப்பார்கள். கிணற்றடிக்கும் அடுப்படிக்கும் தனியாக விடமாட்டார்கள். கார்டினால் மாத்திரை சர்க்கரை டப்பாவுக்குள் ஒளிந்திருக்கும். பெண் பார்க்க வந்தவர்களிடம் மறைப்பதா சொல்வதா என்று பெரியவர்கள் இரவெல்லாம் பேசியது எனக்கு நினைவிருக்கிறது. அவர்களுடைய பயத்துக்குச் சட்டமும் காரணம். 1976இல் திருத்தப்பட்ட இந்து திருமணச் சட்டம், மனநோயோடு சேர்த்துத் தொடர்ந்து வரும் வலிப்பையும் திருமணத் தடையாக வைத்திருந்தது. 1999இல்தான் 'வலிப்பு' என்ற சொல் அதிலிருந்து நீக்கப்பட்டது. சித்திக்கு அதற்குள் வயது கடந்துவிட்டது. அவள் தையல் கற்றுக்கொண்டாள். இன்றும் தைக்கிறாள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது இந்தப் பாடலைப் பற்றி அவளிடம் சொன்னேன். கேட்கவேண்டும் என்றாள். கைப்பேசியில் போட்டேன். அந்த ஸ்பிரேயின் சீறலும் டிரம்மும் மாறிமாறி வரும் தாளத்தைக் கண்ணை மூடிக் கேட்டாள். ஆங்கிலம் தெரியாது. முடிந்ததும், "இவன் யாரைப் பத்திப் பாடுறான்?" என்றாள்.

"எனக்கு இருக்கிற மாதிரியே இருக்கிற ஒரு பொண்ணு"ன்னு நீ சொல்ற மாதிரி ஒரு பெண் என்று சொன்னேன்.

"அவ ஏதாவது சொல்றாளா பாட்டுல?"

மறுபடியும் வந்துவிட்டது என்று அவன் கையைப் பிடித்துச் சொல்கிறாள் என்றேன்.

"அப்புறம் என்ன ஆனா?"

"செத்துப்போயிட்டா சித்தி."

"அது பாட்டுல வருதா?"

செத்துவிடுவாளோ என்று அவன் பயப்படுகிற இடம் வருகிறது, செத்தது வரவில்லை என்றேன். சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கையப் பிடிச்சாள்ல. பிடிச்சுட்டுச் சும்மாவா இருந்திருப்பா? இன்னும் ஏதாவது சொல்லியிருப்பா டீ. அவன் மறந்திருப்பான்" என்றாள்.

இந்தப் பாடலைப் பற்றி நான் வாசித்த எந்த விமர்சனத்திலும் இதைவிடக் கூர்மையான ஒரு கேள்வி இல்லை. அந்தப் பெண் இன்னும் என்ன சொன்னாள்? வேலை கேட்டு வந்தவள் அவள். பாட்டில் வேலை இல்லை. எந்த வேலை வேண்டுமென்று கேட்டாள், எத்தனை இடங்களில் மறுத்தார்கள், பேருந்தில் வந்தாளா நடந்து வந்தாளா, ஒன்றும் இல்லை. விழுகிற உடல் மட்டும் இருக்கிறது. கர்டிஸ் அவளை இழிவாகப் பார்க்கவில்லை, உண்மையாகவே கலங்கினார் என்பது பாட்டில் தெரிகிறது. ஆனாலும் ஒரு பெண்ணை ஆணின் அச்சத்தின் வழியாக மட்டும் நாம் அறிகிறோம். பிறகு அந்த அச்சத்துக்காக அவனை நினைத்து அழுகிறோம்.

அந்தப் பெண்ணின் பெயரைத் தோண்டி எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சித்தியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. "எழுது, பேரைப் போடாத" என்று அவளே சொன்னாள். அது அவள் முடிவு. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

5

இந்த இசைத்தட்டைச் சுற்றியிருந்த பெண்களில் ஒருவர் தன் கதையைத் தன் வாயால் பேசினார். டெபோரா கர்டிஸ்.

1975 ஆகஸ்டில் அவர்கள் மணந்துகொண்டபோது அவருக்கு 18 வயது, இயனுக்கு 19. 1979 ஏப்ரலில், இசைத்தட்டு பதிவாகிக்கொண்டிருந்த அதே மாதத்தில், அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இசை வரலாற்று நூல்களில் அந்த ஏப்ரல் ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில்தான் நடக்கிறது. லிஃப்டில் மைக்கை வைத்த கதை இருக்கும். பிரசவம் ஒரு வரியில் போய்விடும்.

டெபோராவின் 'டச்சிங் ஃப்ரம் எ டிஸ்டன்ஸ்' 1995இல், கணவர் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு வெளிவந்தது. அந்த நண்பனிடம், எனக்குக் குறுந்தகடு கொடுத்தவனிடம்தான், முதலில் அதைப் பற்றிக் கேட்டேன். "படிக்காத. படிச்சா பாட்டு கெட்டுப்போயிடும்" என்றான். அவன் அக்கறையோடுதான் சொன்னான். நானும் ஆறேழு ஆண்டுகள் படிக்காமல் இருந்தேன். ஒரு கலைஞனைக் காப்பாற்றுவதற்காக அவன் மனைவி சொல்வதைக் கேட்காமல் இருப்பது எவ்வளவு பழகிப்போன செயல் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பிறகு படித்தேன். சந்தேகமும் பொறாமையும் கட்டுப்படுத்தும் குணமும் கொண்ட ஓர் இளம் கணவன் அதில் இருக்கிறான். குழு வளர வளர, மனைவியரும் காதலியரும் நிகழ்ச்சிகளிலிருந்து தள்ளிவைக்கப்படுவது இருக்கிறது. நோய், கடும் மருந்துகள், கைக்குழந்தை, பணத் தட்டுப்பாடு, கணவனின் வேறொரு காதல் எல்லாம் ஒரே வீட்டில் இருக்கின்றன. இவ்வளவையும் அவர் வசை இல்லாமல் எழுதுகிறார். சில இடங்களில் தன்மீதே கடுமையாக இருக்கிறார்.

எனக்கு மறக்கவே முடியாத இடம் ஒன்று. 'அன்நோன் பிளெஷர்ஸ்' வெளிவந்த பிறகு டெபோரா அந்தப் பாடல்களின் சொற்களோடு தனியாக உட்காருகிறார். பயம் வருகிறது. இவை வெறும் பாடல்தானே, உன் மனத்தில் இருப்பவை அல்லவே என்று கணவனிடம் கேட்கிறார். அவன் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விடுகிறான். அவர் தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிறார். அந்தப் பயத்தைப் பகிர்ந்துகொள்ள அவருக்கு எவரும் இல்லை.

இந்தப் பாடல்களைச் சரியாகக் கேட்ட முதல் ஆள்களில் அவர் ஒருவர் என்று நான் நினைக்கிறேன். நமக்கு அவை அழகு. அவருக்கு அவை தகவல். அதே சொற்களை வைத்து நாம் இரவில் ஆறுதல் கொள்கிறோம். அவர் அதே வீட்டில் குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டு, இது உண்மையா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கலையிலிருந்து வாழ்க்கையைப் பிரித்துப்பார் என்று நமக்கு வகுப்பறையில் சொல்லித்தருகிறார்கள். டெபோராவுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. பிரித்துப் பார்ப்பது ஒரு வசதி, அது எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதை இந்தப் பக்கங்களில்தான் கற்றுக்கொண்டேன்.

கணவரின் இறந்த உடலைக் கண்டவரும் அவர்தான். மாக்கிள்ஸ்ஃபீல்ட் மயானத்தில் நினைவுக்கல்லில் அவர் புகழ்பெற்ற பாடல் ஒன்றின் தலைப்பைப் பொறிக்கவைத்தார். உலகம் முழுவதிலிருந்தும் ரசிகர்கள் அங்கே போகிறார்கள். பூவும் கடிதமும் நாணயமும் வைக்கிறார்கள். 2008இல் அந்தக் கல்லையே யாரோ திருடிக்கொண்டு போனார்கள். 2015இல் ரசிகரான ஒரு தொழில்முனைவோர் அவர்கள் வாழ்ந்த வீட்டை வாங்கி, அருங்காட்சியகம் ஆக்கப்போவதாக அறிவித்தார். ரசிகரின் அன்பு எப்போது உரிமை கோரலாக மாறுகிறது என்பதற்கு இவை இரண்டும் போதும். ஒரு பெண்ணின் சமையலறை நமக்குத் தரிசன இடமாகிறது. அதில் அவள் பட்ட பாட்டைப் பேசினால் பாட்டு கெட்டுவிடும் என்கிறோம்.

6

அப்படியானால் கேட்பதை நிறுத்திவிடுவதா? மாணவிகள் இதைத்தான் கேட்கிறார்கள். நானும் முயன்று பார்த்தேன். அதே 1979இல் இங்கிலாந்தில் தி ஸ்லிட்ஸ் குழுவின் 'கட்' வந்தது. தி ரெயின்கோட்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது. இரண்டிலும் பெரும்பாலான பாடல்களைப் பெண்களே எழுதி, பெண்களே பாடினார்கள். விடுப்பில் இருந்த ஒரு ராணுவ வீரனின் பாலியல் வன்முறையையும், அவனுடைய பணியைக் காப்பாற்றுவதற்காகச் சட்டம் காட்டிய சலுகையையும் ரெயின்கோட்ஸ் ஒரு பாடலாக்கியிருக்கிறார்கள். என் இருபது வயதில் இவற்றை எவரும் எனக்குப் பதிவுசெய்து கொடுக்கவில்லை. கிடைத்திருந்தால் துயரத்தைச் சொல்ல ஆணின் தொண்டையை இரவல் வாங்கியிருக்க வேண்டியதில்லை. வயலினும் டிரம்மும் தடுமாறித் தடுமாறிச் சேர்கிற அந்தப் பாடல்களில் கோபமும் சிரிப்பும் உண்டு. பெண்ணின் துயரம் ஒரே நிறமானது அல்ல என்று அவை எனக்குச் சொல்லின.

ஆனாலும் 'அன்நோன் பிளெஷர்ஸ்' பக்கம் திரும்பி வந்துகொண்டேதான் இருக்கிறேன். பேஸ் கிட்டார் மேலே ஏறும்போது விடுதியின் இருட்டு திரும்பவும் வருகிறது. இருபது வயதுப் பெண் ஒருத்தி அந்த இருட்டைத் தாண்டி வந்ததில் இந்த நாற்பது நிமிடங்களுக்குப் பங்கு உண்டு. அவளுக்கு நான் துரோகம் செய்யமாட்டேன். மாறியிருப்பது ஒன்றுதான். முன்பு அந்த இசையின் வெற்றிடங்களில் என் துயரத்தை மட்டும் வைத்தேன். இப்போது அங்கே வேறு ஆட்களும் இருக்கிறார்கள். காகிதச் சுருளைக் கண்ணால் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கும் ஆய்வு மாணவி, வேலைவாய்ப்பு அலுவலக நாற்காலியில் தன் முறைக்காகக் காத்திருக்கும் பெண், பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் மனைவி. ராவன்ஸ்ப்ரூக்கிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும். பாட்டு கெட்டுப்போகவில்லை. நெரிசலாகிவிட்டது.

அன்று வகுப்பில் இதில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது, மணி அடித்துவிட்டது. டி-ஷர்ட் அணிந்திருந்தவள் மட்டும் மேசையருகே வந்து நின்றாள். "அப்ப இதை இனிமே போடக்கூடாதா மேம்?" என்றாள். அவள் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

போடு என்றேன். "யாராவது இது என்னன்னு கேட்டா, அந்தப் பாடகர்லேருந்து ஆரம்பிக்காத. ஜோசலின் பெல்லேருந்து ஆரம்பி. அவர்கிட்ட வந்து சேர நேரம் ஆகும், பரவாயில்ல."